சட்டமன்றப் பேச்சில் நிலக்காட்சி ஓவியம்: சட்டகத்துக்குள் தொழிலுக்கு இடம் உண்டா?

நெடுநோக்கு (தொடக்கப் பதிவு)

ஓர் ஊரின் தொழிலைப் பற்றிய விவாதம் சட்டமியற்றும் அவைகளில் நடக்கும்போது, அந்த நிலத்தை வரைந்த ஓவியரின் பெயரை உறுப்பினர் ஒருவர் எழுந்து சொல்வது நெடுங்கால வழக்கம். பெரும்பாலும் அந்தப் பெயர் ஒரு வேலி போலப் பயன்படுகிறது. இன்னார் வரைந்த மண் இது, ஆகவே இங்கே ஆலையும் அணையும் மின்கோபுரமும் வேண்டாம் என்பதே அப்பேச்சுகளின் சாரம். சில வேளைகளில் அதே பெயர் எதிர்த்திசையிலும் உதவுகிறது. ஓவியம் பிறந்த இடத்தைக் காண வரும் பயணிகளால் ஊர் பிழைக்கிறது என்று கூறி, ஓவியத்தையே ஒரு தொழிலாகக் காட்டுகிறார்கள். இவ்விரு வகைப் பேச்சுகளிலும் விடுபட்டுப் போகும் ஒன்றைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டாக இங்கிலாந்தின் சஃபோக், எசெக்ஸ் மாவட்டங்களின் எல்லையில் ஓடும் ஸ்டூர் ஆற்றை எடுத்துக்கொள்ளலாம். ஜான் கான்ஸ்டபிள் 1821இல் வரைந்து முடித்த 'வைக்கோல் வண்டி' ஓவியத்தை அறியாதவர்கள் அந்நாட்டில் அரிது. அமைதியான நாட்டுப்புறத்தின் அடையாளமாக அது பிஸ்கட் பெட்டிகள் வரை அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்த ஓவியத்தில் தெரியும் நீர்நிலை, ஓவியரின் தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் நடத்திய ஃபிளாட்ஃபோர்டு மாவு ஆலையின் குளம். காட்சியைப் பார்க்கும் கண் நிற்பதே அந்த ஆலையின் முற்றத்தில்தான். தந்தையார் தானிய வணிகர், ஃபிளாட்ஃபோர்டிலும் டெதாமிலும் ஆலைகள் வைத்திருந்தார், நிலக்கரியும் விற்றார், மாவையும் தானியத்தையும் லண்டனுக்கு அனுப்பச் சொந்தமாக ஒரு சிறு கப்பலும் வைத்திருந்தார். அந்த ஆறுகூடத் தானாக ஓடிய ஆறு அன்று. 1705இல் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தின் பேரில், சரக்குப் படகுகள் போய்வருவதற்காக மதகுகள் அமைத்துச் சீர்செய்யப்பட்ட நீர்வழி அது. கோல்டிங் அந்த நீர்வழியின் ஆணையர்களில் ஒருவராகவும் இருந்தார். 1815இல் கான்ஸ்டபிள் வரைந்த இன்னோர் ஓவியத்தின் பொருளே, தந்தையின் உலர்துறையில் ஒரு சரக்குப் படகைக் கட்டும் காட்சி.

அக்காலத்து அளவுகோலில் அது ஒரு தொழிற்பகுதி. இன்று அதே ஓவியத்தை உயர்த்திப் பிடித்து, தொழில் தீண்டாத நிலம் என்று பேசுகிறார்கள். பேசுபவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஓவியம் காட்டியதில் பாதியை அவர் அவைக்குச் சொல்லவில்லை. ஒரு நிலக்காட்சி அவையில் சாட்சியாக நிறுத்தப்படும்போது, அதில் யாருடைய உழைப்பு தெரிகிறது, யாருடையது மறைகிறது என்று கேட்கும் பழக்கம் உறுப்பினர்களுக்கு வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துகளை வரவேற்கிறேன்.

நிலவரைஞர்

நண்பர் நெடுநோக்கு சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் திட்டமிடல் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், உறுப்பினர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் ஒரு பள்ளத்தாக்கின் சரிவையும் ஒளியையும் மரவரிசையையும் சொற்களால் விளக்க முற்படுபவர் தோற்றுப்போவார். எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஓவியத்தின் பெயரைச் சொன்னால், கேட்பவர் மனத்தில் அந்த இடம் உடனே விரிந்துவிடுகிறது. அங்கே ஓவியம் ஒரு முகவரியாக வேலை செய்கிறது. சாட்சியாக அதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மேலும் தாங்கள் குறிப்பிட்ட ஸ்டூர் ஆறு ஓடும் டெதாம் பள்ளத்தாக்கு, பேச்சால் மட்டும் காக்கப்படும் இடம் அன்று. 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் தொடங்கிவைத்த முறையின் கீழ், சிறந்த இயற்கை எழில் வாய்ந்த பகுதியாக 1970இல் அது அறிவிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய பகுதிகளைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கும் பொது அமைப்புகள் அவற்றின் எழிலைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதை வலுப்படுத்தி, எழிலைக் காத்து வளர்க்கும் நோக்கத்தை முன்னெடுக்க முயல வேண்டும் என்று மாற்றியது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். கோப்பில் கையெழுத்திடும் அதிகாரிக்கு அவற்றின் வேறுபாடு பெரிது. முன்னதில், கருதிப் பார்த்தேன் என்று ஒரு பத்தி எழுதிவிட்டு மேலே போய்விடலாம். பின்னதில், என்ன செய்தாய் என்ற கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும்.

நார்விச்சிலிருந்து டில்பரி வரை 400 கிலோவோல்ட் மின்தடம் அமைக்கும் திட்டத்தைப் பாருங்கள். கடலில் உற்பத்தியாகும் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுசெல்ல அது தேவை என்கிறார்கள். கிழக்கு ஆங்கிலியாவைச் சேர்ந்த உறுப்பினர்கள் மின்கோபுரங்களை எதிர்த்துப் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் காமன்ஸ் அவையில் மீண்டும் மீண்டும் பேசியிருக்கிறார்கள். திட்டத்தில் டெதாம் பள்ளத்தாக்கைக் கடக்கும் பகுதிக்கு நிலத்தடி வடம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஓவியரின் பெயருக்கு அந்த அளவுக்கு மதிப்பு உண்டு. எனக்குள்ள உறுத்தல் வேறு. எந்தப் பெரிய ஓவியரும் வந்து நிற்காத அடுத்த ஊரின் வயல்களில் கோபுரங்களுக்குத் திட்டமிடுகிறார்கள். அவ்வூர் மக்களின் கண்ணுக்கு அவையில் சொல்ல ஒரு பெயர் இல்லை.

தூரிகை

நிலக்காட்சி வரைபவள் என்பதால் இந்த விவாதத்தில் கலந்துகொள்கிறேன். ஓவியம் முகவரி மட்டுமே என்று நிலவரைஞர் ஐயா சொல்வதை ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியைத் தாமஸ் மோரன் ஏறத்தாழ 7 அடி உயரமும் 12 அடி அகலமும் கொண்ட பெருந்திரையில் வரைந்தார். அந்தப் பேரோவியத்தைக் கண்டு வியந்த பிறகுதானே அந்நாட்டுக் காங்கிரஸ் 1872இல் உலகின் முதல் தேசியப் பூங்காவை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது? ஓர் ஓவியம் நேரடியாகச் சட்டத்தைப் பிறப்பித்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஏடுதேடி

தூரிகை அம்மையார் சொன்ன கதை பரவலாக நம்பப்படுகிறது. ஆனால் தேதிகள் அதற்கு ஒத்துவரவில்லை. மசோதா 1872 ஜனவரி 30 அன்று செனட்டிலும், பிப்ரவரி 27 அன்று பிரதிநிதிகள் அவையிலும் நிறைவேறியது. பிரதிநிதிகள் அவையில் ஆதரவு 115, எதிர்ப்பு 65. குடியரசுத் தலைவர் கிராண்ட் மார்ச் 1 அன்று கையெழுத்திட்டார். பேரோவியம் மே மாதத் தொடக்கத்தில்தான் நியூயார்க்கில் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் காங்கிரஸ் அதை 10,000 டாலருக்கு வாங்கியது. ஆகவே உறுப்பினர்கள் வாக்களிக்கும் முன் பார்த்தவை, 1871ஆம் ஆண்டு ஹேடனின் நிலவியல் ஆய்வுப் பயணத்தில் மோரன் தீட்டிய சிறு நீர்வண்ணப் படங்களும் வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த புகைப்படங்களுமே. ஒன்று நிறத்தைக் காட்டியது, மற்றது அது பொய்யில்லை என்று உறுதி கூறியது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்தன.

நெடுநோக்கு எழுப்பிய கேள்விக்கு இந்த வழக்கு இன்னும் பொருத்தமானது. மோரன் அப்பயணத்தில் சேர்ந்துகொள்ள 500 டாலர் தந்து உதவியவர், நார்தர்ன் பசிபிக் ரயில்பாதைக்கு முதல் திரட்டிக்கொண்டிருந்த வங்கியாளர் ஜே குக். பாதை போடப்படும் திசையில் மக்கள் காண விரும்பும் ஓர் அதிசயம் இருந்தால் கடன் பத்திரமும் விற்கும், பின்னாளில் பயணச்சீட்டும் விற்கும் என்பது அவருடைய கணக்கு. அவருடைய வங்கி 1873 செப்டம்பரில் நொடித்துப்போனது. ரயில் 1883இல்தான் பூங்காவின் அருகே வந்து சேர்ந்தது. ஆனாலும் கணக்கு தவறவில்லை. தொழில் தீண்டாத நிலமாக அவையில் பேசப்பட்ட இடத்தின் பின்னால், தொடக்கம் முதலே ஒரு தொழில் நின்றுகொண்டிருந்தது.

செனட் விவாதத்தில் ஆதரவாளர்கள் எடுத்துவைத்த வாதத்தையும் கவனியுங்கள். வெர்மான்ட் உறுப்பினர் எட்மண்ட்ஸ், அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருப்பதால் தனியார் குடியேற்றத்துக்கு உதவாது, எனவே ஒதுக்கிவைப்பதால் எந்த இழப்பும் இல்லை என்ற பொருளில் பேசினார். 1864இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் கலிஃபோர்னியாவுக்கு ஒப்படைக்கும் மசோதாவைக் கொண்டுவந்த செனட்டர் கானஸும் ஏறத்தாழ இதையே சொன்னார். அதாவது எழில் என்பது வேறு எதற்கும் பயன்படாத நிலத்துக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். பயன் இருப்பதாகத் தெரிந்த மறுகணமே அந்தப் பட்டம் ஆட்டம் காணும். யோசெமிட்டிக்கு வடக்கே இருந்த ஹெச் ஹெச்சி பள்ளத்தாக்கை ஆல்பர்ட் பியர்ஸ்டாட் போன்றவர்கள் வரைந்திருந்தார்கள்; அது தேசியப் பூங்காவின் எல்லைக்குள்ளும் இருந்தது. அப்படியிருந்தும் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குத் தண்ணீர் தேவைப்பட்டபோது, 1913 டிசம்பரில் செனட் 43க்கு 25 என்ற கணக்கில் வாக்களித்து அணை கட்ட இசைந்தது. 1923இல் அணை எழுந்து நின்றது. ஓவியங்களில் உள்ள புல்வெளி இன்று நீருக்கடியில் கிடக்கிறது.

உழைப்பு மறைவதைப் பற்றிப் பேசினால் மனிதர்கள் மறைவதையும் சொல்ல வேண்டும். யெல்லோஸ்டோன் மேட்டுநிலத்தில் ஷோஷோன் மக்களின் ஒரு பிரிவினர் வாழ்ந்தும் வேட்டையாடியும் வந்தனர். அவர்கள் காட்டுச் செம்மறியின் கொம்பால் செய்த விற்களுக்கு நெடுந்தொலைவு வரை கிராக்கி இருந்தது. ரயிலுக்கு முன்பே அந்த இடத்தில் இருந்த தொழில் அது. ஆளற்ற காடு என்ற சொல் அவையில் ஒலித்தபோது அவர்களைக் குறித்துப் பேச எவரும் இல்லை.

தூரிகை

திருத்தியமைக்கு நன்றி, ஏடுதேடி ஐயா. தேதியைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். ஆனால் தங்கள் விளக்கம் என்னைப் போன்றோருக்கு ஒரு வகையில் ஆறுதல் தருகிறது. பெருந்திரையை விட, மழையிலும் குளிரிலும் இடத்திலேயே அமர்ந்து போட்ட கையகலப் படங்களே காரியத்தைச் சாதித்தன என்பது வரைபவர்களுக்குப் பிடித்தமான செய்தி. இன்னொன்றும் சேர்க்கிறேன். மோரன் அங்கே போவதற்கு முன்பே, போய்வந்த வேறொருவரின் கரடுமுரடான கோட்டுப்படங்களை வைத்து, ஒரு மாத இதழுக்காக அந்த இடத்தைப் பார்க்காமலேயே மறுபடி வரைந்து கொடுத்தவர். பெருந்திரையிலும் பாறைகளைத் தம் விருப்பப்படி இடம்மாற்றி அமைத்தார். உள்ளதை உள்ளபடி படியெடுப்பதில் தமக்கு நாட்டமில்லை என்று அவரே கூறியிருக்கிறார். அவையோர் ஓவியத்தைச் சாட்சியாக அழைத்தால், இந்தச் சாட்சி அழகுபடுத்திப் பேசும் வழக்கமுடையவர் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது.

நூல்பாவு

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் ஓவியமும் தொழிலும் எதிரெதிரே நிற்பதாகவே கொண்டிருக்கிறீர்கள். துணி வடிவமைப்பில் இருப்பவன் என்பதால் எனக்கு வேறொரு பேச்சு நினைவுக்கு வருகிறது. லண்டனில் தேசிய ஓவியக்கூடத்துக்குக் கட்டடம் எழுப்பும் செலவை 1832இல் காமன்ஸ் அவை விவாதித்தபோது சர் ராபர்ட் பீல் முன்வைத்த வாதம் அது. இயந்திரங்களைப் பொறுத்தவரை நம் உற்பத்தியாளர்கள் பிறநாட்டாரை விஞ்சி நிற்கிறார்கள். வாங்குபவரின் கண்ணைக் கவரும் வடிவ வேலைப்பாட்டில் பின்தங்கியிருக்கிறார்கள். எனவே நல்ல ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பது நாட்டின் தொழிலுக்கே நன்மை என்பது அவர் சொன்னதன் சாரம். அத்துடன் நில்லாமல், அரசியல் கொந்தளிப்பு மிகுந்த அக்காலத்தில் ஏழைக்கும் செல்வருக்கும் இடையிலான கசப்பைக் கலை தணிக்கும் என்றும் அவர் நம்பினார். வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்த மசோதாவால் நாடே கொதித்துக்கொண்டிருந்த ஆண்டில் பேசிய பேச்சு என்பதை மனத்தில் வைத்துப் படித்தால், அதிலுள்ள பதற்றம் புரியும்.

பீலின் குடும்பச் செல்வம் லங்காஷயரில் துணியில் அச்சடிக்கும் தொழிலால் சேர்ந்தது. ஒரே பருத்தி, ஒரே தறி, ஒரே சாயம் இருந்தும், ஒரு பூவின் வளைவு சரியாக அமைந்தால் துணி விற்கும், பிசகினால் கிடங்கில் மக்கும் என்பதை அந்த வீட்டார் நன்கு அறிந்தவர்கள். ஆகவே அவர் சொன்னதை வெறும் மேடைப் பேச்சாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

அதைத் தொடர்ந்து 1835, 1836 ஆண்டுகளில், லிவர்பூல் உறுப்பினர் வில்லியம் யூவர்ட் தலைமையில் கலைகளையும் உற்பத்தித் தொழில்களையும் ஆராய்ந்த தெரிவுக்குழு அமர்ந்தது. பட்டு வணிகர், உலோக வேலை செய்வோர், ஓவியர் எனப் பலர் வந்து சாட்சியம் அளித்தனர். பிரான்சில் நெசவூர்களில் வரைகலைப் பள்ளிகள் இருப்பதும், இங்கிலாந்து ஆலைகள் அங்கிருந்து வடிவங்களை விலைக்கு வாங்குவதும் குழுவின் முன் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லப்பட்டன. பயனாக 1837இல் அரசு வடிவமைப்புப் பள்ளி சோமர்செட் மாளிகையில் திறக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், மாணவர்கள் ஓவியர்களாகிவிடுவார்களோ என்ற அச்சத்தால் அப்பள்ளி தொடக்கத்தில் மனித உருவம் வரைவதை விலக்கிவைத்தது. கலை தொழிலுக்கு வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும் என்ற அரசாங்க மனநிலை அன்றே பிறந்துவிட்டது!

இன்னொரு முரணையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1824இல் நாடாளுமன்றம் 57,000 பவுன் ஒதுக்கி 38 ஓவியங்களை வாங்கித் தொடங்கிய அந்த ஓவியக்கூடம் பேச்சளவில் இருந்த நாளிலேயே, அது வந்தால் இங்கிலாந்தில் கலை செத்துவிடும் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியவர் கான்ஸ்டபிள். பழைய மேதைகளின் படங்களையே எல்லோரும் படியெடுப்பார்கள், இயற்கையைப் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் கவலை. நெடுநோக்கு குறிப்பிட்ட 'வைக்கோல் வண்டி' 1886 முதல் அங்கேதான் தொங்குகிறது.

நீர்மட்டம்

நூல்பாவு சொன்ன லங்காஷயர் நெசவுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் விவாதம் முழுமை பெறும். மான்செஸ்டர் மாநகராட்சி, ஏரி மாவட்டத்தின் தேல்மியர் ஏரியின் மட்டத்தைச் சுமார் 50 அடி உயர்த்தி, 96 மைல் நீளமுள்ள கால்வாய்க்குழாய் வழியே நகருக்கு நீர் கொண்டுவர 1870களில் திட்டமிட்டது. ஓவியர்களும் கவிஞர்களும் கொண்டாடிய ஏரிகளில் அதுவும் ஒன்று. 1877இல் ஏரியைக் காக்க ஒரு பாதுகாப்புச் சங்கம் உருவானது. கலை விமர்சகர் ரஸ்கின் கடுமையாக எதிர்த்து எழுதினார்.

1878இல் லயன் பிளேஃபேர் தலைமையில் காமன்ஸ் அவையின் குழு இதை விசாரித்தது. அக்காலத்து நடைமுறைப்படி இத்தகைய மசோதாவை எதிர்க்க உரிமை பெற்றவர்கள் நிலவுடைமையாளர்களும், நீருரிமை பாதிக்கப்படுவோரும் ஆவர். ஏரியின் அழகைப் பார்ப்பவருக்கு அதில் என்ன உரிமை? தம்முடையதல்லாத ஓர் இடத்தின் தோற்றத்துக்காகப் பொதுமக்கள் வழக்காட முடியுமா என்ற கேள்வியை நாடாளுமன்றம் எதிர்கொள்ள நேர்ந்த தொடக்ககால விசாரணைகளில் இது ஒன்று. குழு அந்த வாதத்தையும் செவிமடுத்தது.

மான்செஸ்டரின் பதில் சாமர்த்தியமானது. ஏரி ஒருகாலத்தில் இன்னும் பெரிதாக இருந்தது. நாங்கள் பழைய அளவுக்கு அதை மீட்டுத் தருகிறோம். ஆகவே அழகு கூடுமே தவிரக் குறையாது என்றார்கள். கோடையில் நீரை இறக்கும்போது கரையெங்கும் சேறு தெரியுமே என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். நீர்த்தேக்கங்களோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், எதிர்ப்பாளர்கள் சொன்னதே சரி. நீர்மட்டம் ஏறி இறங்கும் தேக்கத்தின் விளிம்பில் செடிகொடி பிடிக்காது. வெளுத்த வளையம் ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிடும். எந்த ஓவியரும் விரும்பி வரையாத வளையம் அது.

முதல் ஆண்டு நடைமுறைக் குறையால் மசோதா நின்றது, 1879இல் சட்டமானது, 1894இல் தண்ணீர் மான்செஸ்டரை அடைந்தது. எதிர்ப்பு முற்றிலும் வீணாகிவிடவில்லை. சுற்றியுள்ள மலைகளுக்குப் பொதுமக்களும் பயணிகளும் அதுவரை சென்றுவந்த வழக்கத்தை எவ்வகையிலும் கட்டுப்படுத்தக் கூடாது என்ற பிரிவு சட்டத்தில் இடம்பெற்றது. காட்சியைக் காக்க முடியாத நாடாளுமன்றம் நடைபாதையைக் காத்தது.

ஒருவரி

குடிநீர்க் குழாயைத் திறக்கும்போது யாரும் ஓவியத்தை நினைப்பதில்லை. அவையில் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்குவது வீண்.

நிலவரைஞர்

ஒருவரி அவர்களுக்கு ஒரு வழக்கையே பதிலாகத் தருகிறேன். நெடுநோக்கின் வாதத்துக்கும் அது எதிர்ச்சான்று. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரைக் குன்றொன்றில் ஓவியர் ஃபிரெடெரிக் சர்ச் கட்டிய 'ஒலானா' என்னும் மாளிகை உள்ளது. அவர் தம் நிலத்தையே ஓவியம்போல் அமைத்தார். எந்தச் சன்னலில் எந்த மலை தெரிய வேண்டும், பாதை எங்கே வளைந்து ஆற்றைக் காட்ட வேண்டும் என்று தீர்மானித்து மரங்களை நட்டார். அந்த இடம் ஏலத்துக்குப் போகவிருந்தபோது மாநிலச் சட்டமன்றம் தலையிட்டது. 1966இல் ஆளுநர் ராக்கஃபெல்லர் அதை வாங்குவதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தின் விளைவு வீட்டோடு முடியவில்லை. 1970களில் எதிர்க்கரையில் சிமென்டன் என்ற இடத்தில் அணுமின் நிலையம் அமைக்கத் திட்டம் வந்தது. அதன் குளிர்விப்புக் கோபுரம் ஒலானாவிலிருந்து தெரியும் காட்சியை எப்படி மாற்றும் என்று முறையாக ஆய்வு செய்தார்கள். சர்ச்சும் அவர் ஆசிரியர் தாமஸ் கோலும் வரைந்த ஓவியங்கள் அந்தக் காட்சியின் மதிப்பை நிறுவும் ஆவணங்களாகப் பயன்பட்டன. 1979இல் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அலுவலர்கள் உரிமம் மறுக்கும்படி பரிந்துரைத்தார்கள். காட்சிப் பாதிப்பு அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. மின்னாக்க நிறுவனம் விண்ணப்பத்தைக் கைவிட்டது.

பின்னர் ஹட்சன் நகரின் அருகே சுமார் 400 அடிப் புகைபோக்கியுடன் பெரிய சிமென்ட் ஆலை ஒன்றை அமைக்க முயற்சி நடந்தது. சுண்ணாம்புக்கல்லும் ஆற்றுப் போக்குவரத்தும் இருப்பதால் அப்பகுதிக்குச் சிமென்ட் பழைய தொழில். எனவே வேலைவாய்ப்பு என்ற வாதம் ஊர்க்காரர்களிடம் எடுபட்டது. ஆனால் பழைய ஆலையை மூடிவிட்டுப் புதியதைத் திறப்பதால் நிகரமாகக் கூடும் நிரந்தர வேலை ஒன்றே ஒன்று என்பது விசாரணையில் வெளிப்பட்டது. 2005 ஏப்ரலில் மாநில அரசு, கரையோரக் கொள்கைக்கு அத்திட்டம் பொருந்தவில்லை என்று அறிவித்தது; நிறுவனம் பின்வாங்கியது. இங்கே ஓவியம் வெறும் உணர்ச்சிக்காகக் காட்டப்படவில்லை. எந்த உயரத்தில், எந்தத் தொலைவில், எதைக் கட்டினால் எவ்வளவு கெடும் என்று அளப்பதற்கு அது அடிப்படையாகியது. நெடுநோக்கு இதை எப்படிப் பார்க்கிறார் என அறிய ஆவல்.

நெடுநோக்கு

என் கருத்தை ஓரளவு மாற்றிக்கொள்கிறேன். தாங்கள் சொன்ன இரு வழக்குகளிலும் ஓவியத்தோடு கணக்கும் சேர்ந்தே வந்தது; அந்த ஒற்றை வேலை என்ற எண் வெளிப்படாமல் இருந்திருந்தால், ஓவியத்தை மட்டும் காட்டிய தரப்பு வசதி படைத்தவர்களின் தரப்பாகவே ஊரில் பேசப்பட்டிருக்கும். இருப்பினும் ஒன்றைக் கேட்கிறேன். அந்த ஆற்றங்கரையில் சர்ச்சின் காலத்திலேயே செங்கல் சூளைகளும் இரும்பு உருக்காலைகளும் பனிக்கட்டி அறுத்துச் சேமிக்கும் கொட்டகைகளும் இருந்தன. அவருடைய சன்னல்களில் அவை எங்கே போயின?

தூரிகை

சன்னலை அமைத்தவரும் ஓவியர் என்பதால் அவற்றை மரங்களுக்குப் பின்னால் வைத்திருப்பார்! எங்கள் தொழிலில் நாள்தோறும் செய்யும் வேலை அது. நான் வரையும்போதும் எதிரே நிற்கும் மின்கம்பத்தை எத்தனையோ முறை விட்டுவிட்டு வரைந்திருக்கிறேன். விட்டுவிட்டேன் என்ற நினைவுகூட இருப்பதில்லை.

ஆனால் விடாமல் வரைந்தவர்களும் உண்டு. தோல் பதனிடும் ஆலைகளுக்காகக் கேட்ஸ்கில் மலைகளின் ஹெம்லாக் மரங்கள் பட்டை உரிக்கப்பட்டு வீழ்ந்த காலத்தில், கோல் அதைக் கண்டு நொந்து நண்பர்களுக்கு எழுதினார். 1843இல் அவர் வரைந்த காட்சியொன்றில் முன்னே வெட்டுண்ட மரங்களும், நடுவே மிகச் சிறிதாக ஒரு ரயிலும் இருக்கின்றன. ஜார்ஜ் இன்னெஸ் 1856 வாக்கில் ஒரு ரயில் நிறுவனத்துக்காக, 75 டாலர் கூலிக்கு, லாக்கவானா பள்ளத்தாக்கை வரைந்தார். நிறுவனத்தார் இருந்ததைவிட அதிகமான தண்டவாளங்களைக் காட்டச் சொன்னார்கள் என்பார்கள். அவரும் என்ஜின் கொட்டகையையும் புகையையும் நேர்த்தியாகவே வரைந்து கொடுத்தார். கூடவே, முன்தளம் முழுவதும் அறுத்த மரங்களின் கட்டைகளையும் நிரப்பி வைத்தார். அது தொழிலைப் புகழ்கிறதா, பழிக்கிறதா என்று இன்றுவரை ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த ஓவியம் மெக்சிகோ நகரில் ஒரு பழம்பொருள் கடையில் கிடந்தபோது இன்னெஸே அதை வாங்கி மீட்டார். இப்படிப்பட்ட படத்தை அவையில் எந்த உறுப்பினரும் உயர்த்திப் பிடிக்க மாட்டார். இரு தரப்புக்கும் அது உதவாது.

நம் திணை மரபில் நிலத்தைச் சொன்னால், அதன் மரமும் பறவையும் போலவே அங்குள்ளோர் செய்யும் தொழிலும் கருப்பொருளாகக் கூடவே வரும். நெய்தலைச் சொல்லிவிட்டு மீனும் உப்பும் இல்லாமல் இருக்க முடியாது. அந்தப் பயிற்சி உள்ள வாசகருக்கு நெடுநோக்கின் கேள்வி இயல்பாகவே தோன்றும் என நினைக்கிறேன்.

ஏடுதேடி

சிறு பின்சேர்க்கை. 'வைக்கோல் வண்டி' அவையோரின் பேச்சில் அமைதியின் உருவமாக வருகிறது. அது வரையப்பட்டதற்கு அடுத்த ஆண்டே, 1822இல், கிழக்கு ஆங்கிலியாவில் கதிரடிக்கும் இயந்திரங்களை எதிர்த்து உழவுத் தொழிலாளர்கள் கலகம் செய்தார்கள், வைக்கோற்போர்கள் கொளுத்தப்பட்டன. இரவுதோறும் அருகிலோ தொலைவிலோ தீ தெரிகிறது என்று ஊரிலிருந்து வந்த செய்தியைக் கான்ஸ்டபிளே ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். தீயை அவர் வரையவில்லை.

நெடுநோக்கு

தொடக்கப் பதிவில் 1705ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டிருந்தேன். அதைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்க விட்டுவிட்டேன். ஸ்டூர் ஆற்றில் படகு விட அனுமதித்த அந்தச் சட்டம், படகை இழுக்கும் குதிரைகள் கரையோரம் நடந்துசெல்லத் தொடர்ச்சியான பாதைக்கு வழிசெய்யவில்லை. கரைநிலங்களின் உடைமையாளர்கள் சிலர் விட்டார்கள், சிலர் விடவில்லை. அதனால் பாதை ஓரிடத்தில் இக்கரையில் முடிந்து அக்கரையில் தொடரும். அங்கெல்லாம் குதிரையைப் படகிலேயே ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். கரையிலும் மாடுகள் ஒரு நிலத்திலிருந்து அடுத்த நிலத்துக்குப் போய்விடாதபடி குறுக்கே தடுப்புகள் இருந்தன. அவற்றைத் தாண்டிக் குதிக்கக் குதிரைகளைப் பழக்கினார்கள்.

கான்ஸ்டபிள் 1819இல் காட்சிக்கு வைத்து, கலைக்கழகத்தின் இணை உறுப்பினராகத் தேர்வு பெறத் துணைநின்ற 'வெள்ளைக் குதிரை' ஓவியத்தில், படகில் நின்றபடி ஆற்றைக் கடக்கிறது ஓர் இழுவைக் குதிரை. 1825இல் வைத்த 'தாவும் குதிரை'யில், சிறுவன் ஒருவனைச் சுமந்துகொண்டு அத்தகைய தடுப்பொன்றைத் தாண்ட எழும்புகிறது மற்றொன்று. சட்டம் எழுதியவர்கள் ஒரு பாதையைச் சேர்த்திருந்தால் இரண்டு காட்சிகளுமே அந்த ஆற்றில் இருந்திருக்காது. டெதாம் பள்ளத்தாக்கைப் பற்றி அடுத்த முறை அவையில் யாரேனும் பேசும்போது, அந்தக் குதிரைகள் ஏன் அப்படி நிற்கின்றன, ஏன் தாவுகின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால் கேட்க ஆவலாக இருப்பேன்.